நூப்ராவில் காய்க்காத செடிகள்

உங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு செடி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து ஆண்டுகளாகத் தண்ணீர் ஊற்றியும், எரு இட்டும், அது ஒரு பிஞ்சைக்கூட உங்களுக்குக் காட்டவில்லை. அதை என்ன செய்வீர்கள்? நம்மில் பெரும்பாலோர் அரிவாளைத்தான் தேடுவோம். அவ்வாறு இரண்டு பப்பாளிகளை வெட்டி எறிந்தவர்களில் நானும் ஒருவன். அவை ஆண் மரங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், வெட்டிவிட்டேன். அந்தப் பழைய செயலை நினைத்து வெட்கப்படும்படியான ஒரு காட்சியைக் காண, நாட்டின் வடகோடிக்கு, பனிமலைகளுக்கு அப்பால் நான் போக வேண்டியிருந்தது.

எங்கள் மத்ரஸாவில் ஏழு ஆண்டுகள் ஓதிப் பட்டம் பெற்றுச் சென்ற லடாக் மாணவர் ஒருவர் உண்டு. முதன்முதலாக வந்து சேர்ந்தபோது, பங்குனி மாத வெயிலில் மூக்கிலிருந்து இரத்தம் வடிய உட்கார்ந்திருந்த சிறுவன் அவர். பிறகு எங்கள் மீன்குழம்புக்கும் பழகினார். தமிழில் சண்டை போடும் அளவுக்கு மொழியும் கற்றார். ஊர் திரும்பிய பின்னும் ஒவ்வொரு பெருநாளன்றும் தொலைபேசியில் ஸலாம் சொல்லத் தவறியதில்லை. “ஹஸ்ரத், ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வாருங்கள்” என்று அவர் அழைக்காத ஆண்டும் இல்லை. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில், விடுமுறையும் பயணச் செலவும் ஒருசேரக் கைகூடின. நாற்பத்தைந்தைத் தாண்டிய உடம்பு மலையேறுமா என்று வீட்டில் எழுந்த ஐயத்தை ஒருவாறு சமாளித்துப் புறப்பட்டேன்.

தில்லியிலிருந்து லே நகருக்கு விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. அந்த வேகம்தான் ஆபத்து. கடல்மட்டத்தில் வாழும் நம்மைத் திடீரென்று 3,500 மீட்டர் உயரத்தில் இறக்கிவிட்டால், காற்றில் உயிர்வளி போதாமல் தலை கனக்கிறது. நான்கு படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. முதல் இரண்டு நாள் படுத்தே கிடக்கும்படி மாணவர் கட்டளையிட்டார். ஆசிரியர் மாணவருக்குக் கட்டுப்பட்ட நாட்கள் அவை. மூன்றாம் நாள் அவர் என்னைக் கடைத்தெருவின் தலைமாட்டில் நிற்கும் ஜாமிஆ மஸ்ஜிதுக்கு அழைத்துச் சென்றார். 17ஆம் நூற்றாண்டில், லடாக்கை நம்கியால் மன்னர்கள் ஆண்டபோது எழுந்த பள்ளிவாசல் அது. காஷ்மீரிலிருந்தும் யார்க்கந்திலிருந்தும் வந்த வணிகர்கள் இங்கே மணம் முடித்துத் தங்கினார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களை ‘அர்கோன்’ என்று அழைக்கிறார்கள். லுஹர் தொழுகைக்கு வந்தவர்களின் முகங்களைப் பார்த்தபோது, ஒரு பெரிய வாணிபப் பாதையின் வரலாற்றை வரிசை வரிசையாக நிற்கவைத்துப் படிப்பதுபோல் இருந்தது.

மறுநாள் கர்துங் கணவாயைக் கடந்தோம். அதன் உச்சியில் உள்ள பலகைகள் நெடுங்காலமாக 18,380 அடி என்று பெருமையடித்துக்கொண்டிருந்தன. பிற்காலத்தில் முறையாக அளந்தவர்கள் 17,582 அடி என்று கண்டார்கள். எண்ணூறு அடி குறைந்ததால் எனக்கு மூச்சு எளிதாக வந்ததாகத் தெரியவில்லை! பனி மூடிய பாறைகளுக்கிடையே ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வண்டிக்குள் ஓடினேன். அங்கிருந்து சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. மண்ணும் கல்லும் தவிர வேறொன்றும் இல்லாத மலைகள். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து லேயில் சுமார் 100 மில்லிமீட்டர்தான். எங்கள் இராமநாதபுரத்து வறட்சியே எனக்குச் செழிப்பாகத் தோன்றத் தொடங்கிற்று.

கீழே ஷியோக் ஆறு சாம்பல் நிறத்தில் பல கிளைகளாகப் பிரிந்து ஓடுகிறது. அந்த ஆற்றோரத்தில்தான் திஸ்கித், ஹுந்தர் என்னும் ஊர்கள். நூப்ரா என்று இப்பகுதியை அழைப்பார்கள். இரண்டு திமில் ஒட்டகங்கள் மணல்மேடுகளில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து நடக்கின்றன. யார்க்கந்துக்குப் போய்வந்த வணிகக் கூட்டங்கள் விட்டுச்சென்ற ஒட்டகங்களின் சந்ததிகள் அவை. 1940களின் இறுதியில் அந்தப் பாதை அடைபட்ட பின் திரும்பிப் போக வழியின்றி இங்கேயே தங்கிவிட்டன. பயணிகள் எல்லோரும் ஒட்டகங்களையே படம் எடுக்கிறார்கள். நான் பார்த்து நின்றதோ, மணல்மேட்டின் ஓரத்தில் ஆள் உயரத்துக்கும் மேலாக அடர்ந்து கிடந்த ஒரு முட்புதரை. வெள்ளி பூசினாற்போன்ற சிறு இலைகள். விரல் நீள முட்கள். அவற்றுக்கிடையே கிளையே தெரியாதபடி அப்பிக் கிடந்த ஆரஞ்சு நிறக் கனிகள். குன்றிமணியைவிடச் சற்றுப் பெரியவை. ஒன்றைப் பறிக்க முயன்றேன். தோல் கிழிந்து சாறு விரலில் வடிந்தது. கனி கைக்கு வரவில்லை. முள் மட்டும் நன்றாக ஏறியது.

“ஹஸ்ரத், அதைப் பறிக்க முடியாது. அடித்துத்தான் உதிர்க்க வேண்டும்” என்று மாணவர் சிரித்தார்.

செடிக்கு அங்கே ‘செர்மாங்’ என்று பெயர். கனியை ‘செஸ்தாலுலு’ என்கிறார்கள். உலகச் சந்தையில் அதன் பெயர் சீ பக்தார்ன். தாவர நூலார் சூட்டிய கிரேக்கப் பெயருக்கு ‘ஒளிரும் குதிரை’ என்று பொருளாம். இதன் இலையைத் தின்ற குதிரைகளின் மயிர் பளபளத்ததால் அப்படி ஒரு பெயர் வந்தது என்பார்கள். கனியின் புளிப்பு எலுமிச்சையைத் தோற்கடிக்கும். வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு உண்டு. விதையிலும் சதையிலும் எண்ணெய் உண்டு. காய்கறி கிடைக்காத நீண்ட குளிர்காலத்தைக் கழிக்கும் மக்களுக்கு இது எத்தகைய அருட்கொடை என்பதை எண்ணிப் பாருங்கள். ஆயினும் இதைக் காசாக்க முடியும் என்பது அண்மைக்காலத்து எண்ணம்தான். லேயில் 1960களிலிருந்து இயங்கிவரும் பாதுகாப்புத் துறையின் வேளாண் ஆய்வகம் இதன் சாற்றைப் பக்குவப்படுத்தும் முறையைக் கண்டது. 2001ஆம் ஆண்டளவில் ‘லே பெர்ரி’ என்ற பெயரில் பானமும் கடைக்கு வந்தது. அதுவரை செர்மாங் என்றால் வேலிக்கும் அடுப்புக்கும் உரிய முள். இன்றும் லடாக்கின் கல்சுவர்கள்மீது காய்ந்த முட்கிளைகள் கிரீடம்போல் வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம்; ஆடும் கழுதையும் தாண்டாமல் இருக்க வேறு காவல் தேவையில்லை.

மாணவரின் வீடு திஸ்கித்துக்கும் ஹுந்தருக்கும் இடையில், நெட்டிலிங்கம்போல் ஓங்கி வளரும் பாப்ளர் மரங்களுக்குள் ஒளிந்திருந்தது. எங்களை வாசலில் எதிர்கொண்டவர் அவருடைய பாட்டியார். பாட்டியை ‘அபிலே’ என்றும், தந்தையை ‘அபாலே’ என்றும் அழைக்கிறார்கள். அந்த ‘லே’ நம்முடைய ‘அவர்கள்’ போல மரியாதைச் சொல். அபிலே என் கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு நெடுநேரம் ஏதோ சொன்னார். “என் பேரனுக்குச் சோறு போட்ட ஊர்க்காரர் நீங்கள் என்கிறார்” என்று மாணவர் மொழிபெயர்த்தார். உப்பும் வெண்ணெயும் இட்டுக் கடைந்த தேநீரும், ‘கம்பிர்’ என்னும் தடித்த ரொட்டியும் வந்தன. உப்புத் தேநீர் முதல் வாய்க்குச் சோதனை. மூன்றாவது கிண்ணத்தில் அதன் அருமை விளங்கியது. குளிருக்கு அதுதான் போர்வை.

அஸருக்கு முன்பு வயலைக் காட்டுவதற்காக அழைத்துச் சென்றார் மாணவர். முகத்தில் பழைய கலகலப்பு இல்லை. மூன்று கனால் நிலம்; எட்டுக் கனால் ஒரு ஏக்கர் என்பது அவர்கள் கணக்கு. அதில் 200 செர்மாங் செடிகள் ஒழுங்கான வரிசையில் இடுப்புக்கு மேல் வளர்ந்து நின்றன. காட்டுப் புதர்களைவிட முள் குறைவு, இலை பெரிது, தண்டு தடிப்பு. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஆற்றங்கரையில் கண்ட அந்த ஆரஞ்சு நிறம் அங்கே இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கனிகள்; ஒரு செடியில் எண்ணினேன், பதினேழு.

நடந்தது இதுதான். 2018ஆம் ஆண்டில் அபாலே கோதுமை விளைந்த அந்த நிலத்தைக் கடன் வாங்கிச் செம்மை செய்து, செர்மாங் நட்டார். கன்றுகளைத் தந்தவர்கள், மிக நன்றாகக் காய்த்த ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டிய போத்துகளை வேர்பிடிக்கவைத்துத் தந்தார்கள். ‘எல்லாம் நல்ல சாதி’ என்றார்கள். அது உண்மையே. 2021இல் பூவும் வந்தது. அந்த ஆண்டு பிஞ்சு இல்லை. ‘இளம் செடி, அடுத்த ஆண்டு பார்ப்போம்’ என்று ஆறுதல் கொண்டார்கள். அடுத்த ஆண்டும் நான் எண்ணிய அந்தப் பதினேழுதான். கடன் தவணை நின்றபாடில்லை. ஹுந்தரிலிருந்து ஒருவர், செடிகளைப் பிடுங்கி நிலத்தை ஒப்படைத்தால் சுற்றுலாக் கூடாரங்கள் அடித்து ஆண்டு வாடகை தருவதாகக் கேட்டிருந்தார். குளிர்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். “நஸீப்” என்ற ஒரே சொல்லைத்தான் அபாலே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தொழுகைக்கு நடந்தார்.

தொழுகை முடிந்து திரும்பும்போது ஒரு முதியவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். ‘மேமேலே’, அதாவது தாத்தா என்று எல்லோரும் அழைத்தார்கள். இளமையில் லேயில் செடி வளர்க்கும் ஒரு பண்ணையில் கூலிக்கு இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. வயலுக்குள் நுழைந்து, பத்து வரிசை நடந்து, ஒரு கிளையை வளைத்துப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் நோக்கி, “மாப்பிள்ளைகள் எங்கே?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. மாணவரும் விழித்தார்.

வாசகர்களே! அந்த முதியவர் ஆற்றங்கரைப் புதர் ஒன்றின் அருகே எங்களை நிறுத்தி விளக்கியதை, என்னால் இயன்றவரை உங்களுக்குச் சொல்கிறேன். நான் கலைப்பாடத்தில் பட்டம் பெற்றவன். தாவரவியல் என் துறையன்று. ஆயினும் அவர் சொன்னது குழந்தைக்கும் விளங்கும். செர்மாங்கில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஒரே செடியில் இரண்டும் இருப்பதில்லை. பெண் செடி மட்டுமே காய்க்கும். ஆனால் ஆண் செடியின் மகரந்தம் வந்து சேராவிட்டால் அதன் பூ உதிர்ந்துபோகும். மகரந்தத்தைக் கொண்டுவருவது தேனீயுமன்று, வண்டுமன்று. இந்தப் பூவில் இதழில்லை, தேனில்லை, மணமில்லை. எந்தப் பூச்சியும் இதைத் தேடி வருவதற்குக் காரணமே இல்லை. காற்று ஒன்றுதான் தூதன். ஏப்ரல் கடைசியிலும் மேயிலும், இலை விரியும் முன்பே, பழுப்பு நிறத்தில் கண்ணுக்கே படாத சிறு பூக்கள் பூக்கும். வெயில் ஏறி, காற்று உலர்ந்தவுடன் ஆண் பூவிலிருந்து மஞ்சள் தூள் புகைபோல் கிளம்பும். கிளையைத் தட்டினால் கைமுழுதும் மஞ்சளாகும் என்றார்.

காற்று தூரத்துக்கும் கொண்டுபோகுமே, காட்டில்தான் ஆண் செடிகள் ஏராளமாக இருக்குமே என்று நான் கேட்டேன். நல்ல கேள்வி என்பதுபோல் தலையசைத்தார். காற்று தூரம் போகும்; ஆனால் போகப்போகத் தூள் நீர்த்துப்போகும். விதையிலிருந்து தானாக முளைத்த காட்டில் ஏறக்குறையப் பாதி ஆண், பாதி பெண். எனவே அங்கே குறையில்லை. இந்த வயலுக்கு மேற்கே, ஆற்றோரத்தில் முன்பு ஒரு பெரிய செர்மாங் காடு இருந்ததாம். அதில் ஒரு பகுதி கூடாரங்களுக்காகத் திருத்தப்பட்டது. எஞ்சியதில்…

மேமேலே பேச்சை நிறுத்தி அபாலேயைப் பார்த்தார். அபாலே நிலத்தைப் பார்த்தார்.

எஞ்சிய புதர்களில் காய்க்காதவற்றை மட்டும் தேடித்தேடி வெட்டியவர் அவரே. இரண்டு குளிர்காலங்களில் வேலிக்கும் விறகுக்கும் அவை பயன்பட்டன. காய்க்கும் செடியை வெட்டினால் பாவம், காய்க்காததை வெட்டினால் என்ன என்று எண்ணியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தால், சொந்த வயலின் 200 பெண் செடிகளுக்கும் அருகில் ஓர் ஆண் செடியும் இல்லாமல் போயிற்று. நட்ட கன்றுகளோ ஒரே பெண் செடியின் போத்துகள். போத்தில் முளைப்பது தாயின் இனமாகவே இருக்கும் அல்லவா? அவற்றுள் ஒன்றேனும் ஆணாக இருக்க வழியே இல்லை.

இதைக் கேட்கையில் எனக்கு எங்கள் ஊர்ப் பனைகள் நினைவுக்கு வந்தன. பனையிலும் ஆண் வேறு, பெண் வேறு. முளைத்து, வளர்ந்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பாளை விடும்வரை எது ஆண், எது பெண் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் நம் பனையேறிகள் ஆண்பனையையும் சீவிப் பதநீர் இறக்குகிறார்கள். நுங்கு இல்லாவிட்டாலும் அதற்கு ஒரு வரவு உண்டு. அதனால் அது தப்பியது. பாவம், ஆண் செர்மாங்குக்கு அப்படிக் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மணற்கரையை அதன் வேர்தான் பிடித்து நிறுத்துகிறது. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களால் அவரைச்செடிபோல் மண்ணுக்குத் தழைச்சத்தும் தருகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த வரவுகளை யார் கணக்கில் எழுதுகிறார்கள்?

இரவு, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எவரும் அதிகம் பேசவில்லை. அப்போது மாணவரே, “ஹஸ்ரத், நீங்கள் பாடத்தில் சொன்ன பேரீச்ச மரச் செய்தியை அபாலேக்குச் சொல்லுங்கள்” என்றார். நான் நடத்திய பாடம் எனக்கு நினைவில்லை, கேட்டவருக்கு இருந்தது.

மதீனாவின் தோட்டக்காரர்கள், ஆண் பேரீச்சையின் பாளையை வெட்டி, அதன் இழைகளைப் பெண் பாளைக்குள் செருகிவிடும் வழக்கம் உடையவர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, இதனால் பயன் இருக்குமா என்பதுபோல் ஒரு கருத்தைச் சொல்ல, தோழர்கள் அவ்வழக்கத்தை விட்டார்கள். அந்த ஆண்டு விளைச்சல் குன்றியது. செய்தி எட்டியபோது, உலகியல் தொழில்களை அதில் பழகிய நீங்களே நன்கு அறிவீர்கள் என்னும் கருத்துப்பட அண்ணலார் அருளினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நிகழ்ச்சி இது. நான் உருதுவில் சொல்லச் சொல்ல, மாணவர் பாட்டியாருக்காக அவர்கள் மொழியில் சொன்னார். தொழில் தெரிந்தவனின் அறிவுக்கு அவ்வளவு இடம் கொடுக்கப்பட்டிருக்கும்போது, மேமேலேயின் சொல்லைக் கேட்பதைவிட்டு நஸீப் என்று ஒதுங்குவது சரியா என்று அபாலேயிடம் நான் கேட்கவில்லை. விருந்தாளி கேட்கக்கூடாத கேள்வி அது. அவர் தாமாகவே தாடியைத் தடவிக்கொண்டு, “அவர்கள் மறுபடி செருகினார்களா?” என்றார்.

“இன்றுவரை செருகிக்கொண்டிருக்கிறார்கள்” என்றேன். அரபு நாடுகளில் ஓர் ஆண் பேரீச்சையை வைத்துச் சுமார் ஐம்பது பெண் மரங்களைக் காய்க்கவைக்கிறார்கள். மனிதன் மரமேறிக் கையால் செருகுவதால் ஆண் மரம் அவ்வளவு குறைவாக இருந்தாலும் போதுமானதாகிறது. காற்றையே நம்பினால் அதைப்போல் பல மடங்கு ஆண் மரங்கள் வேண்டும். செர்மாங்கிலோ வேலை முழுதும் காற்றின் கையில். ஆகையால் ஆறு முதல் எட்டுப் பெண் செடிகளுக்கு ஓர் ஆண் வேண்டும் என்பது மேமேலேயின் கணக்கு. தோட்டக்கலை அறிந்தோர் சொல்வதும் அதுவே.

கணக்கு என்றதும் தகராறு தொடங்கியது. 200 செடிகளுக்கு 25 ஆண் செடிகள்! “காய்க்காது என்று தெரிந்தே 25 செடியை நடுவதா? அதற்கும் தண்ணீர் விடுவதா?” என்று அபாலே குரலை உயர்த்தினார். இடம் வேண்டுமே, நின்ற செடிகளில் சிலவற்றைப் பிடுங்க வேண்டும். நட்டாலும் பூக்க மூன்று ஆண்டுகள். அதுவரை தவணை யார் கட்டுவது? அவர் கேட்டவற்றுள் ஒன்றுகூட நியாயமற்றதன்று. கூடாரக்காரரின் வாடகை நாளைக்கே கைக்கு வரும். வீட்டின் மருமகளார் அடுப்பைக் கிளறியவாறு ஒன்றும் சொல்லாமலே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பேசியவர் அபிலே. “முதலில் ஒரு வசந்தத்துக்குக் காட்டிலிருந்து கொண்டுவந்து செருகிப் பாருங்கள், மதீனாக்காரர்கள் செய்ததுபோல” என்றார். வீட்டில் மூத்தவரின் சொல். அதன்மேல் அங்கே பேச்சில்லை.

மறுநாள் காலை, அபாலேயும் மேமேலேயும் மாணவரும் நானும் ஆற்றின் ஒரு கிளையைப் பலகைப் பாலத்தில் கடந்து, வெட்டுப்படாத காட்டுக்குப் போனோம். ஆண் செடியை அடையாளம் காண்பது எப்படி என்று மேமேலே எனக்குப் பாடம் நடத்தினார். கனி இல்லாததெல்லாம் ஆண் என்று முடிவுகட்டக் கூடாது; இளம் பெண் செடியாக இருக்கலாம், அந்த ஆண்டு காய்க்காத பெண்ணாகவும் இருக்கலாம். மொட்டைப் பார்க்க வேண்டும். அடுத்த வசந்தத்தின் பூமொட்டு முந்திய ஆண்டிலேயே கிளையில் உருவாகிவிடுகிறது. ஆணின் மொட்டு பருத்து, செதில் அடுக்கிய சிறு கூம்புபோல் இருக்கும். பெண்ணின் மொட்டு அதில் பாதிகூட இருக்காது, மெலிந்து கிளையோடு ஒட்டிக் கிடக்கும். “இப்போது அரைகுறையாகத்தான் தெரியும். இலை கொட்டிய பின் பேரப்பிள்ளையை அனுப்பினால் அவனே சொல்லுவான்” என்றார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. நான் ஆண் என்று காட்டிய முதல் மூன்று செடிகளும் தவறு, நான்காவது சரி. மதிப்பெண் இருபத்தைந்து!

உறுதியான ஆண் செடிகளில் பழைய துணிக்கிழிசல்களைக் கட்டினோம். அவற்றின் வேரிலிருந்து பக்கக் கன்றுகள் மணலைக் கீறிக்கொண்டு தலைகாட்டியிருந்தன. போத்தைப்போலவே அவையும் தாய்ச்செடியின் இனமே. விதை போட்டு ஆணா பெண்ணா என்று மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை; ஆணின் பக்கக் கன்று ஆணேதான். மண் இளகும் காலத்தில் அவற்றை வேரோடு எடுத்து நடலாம். எங்கே நடுவது என்பதற்கும் மேமேலேயிடம் விடை இருந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் பகலில் வெயில் ஏறியதும் காற்று கீழிருந்து மேலாக, ஆறு ஓடும் திசைக்கு எதிராக எழும். பூக்கும் காலத்தில் தூள் பறப்பதும் பகலில்தான். எனவே காற்று வரும் பக்கம் ஒரு வரிசை. மீதியை வயலுக்குள் இடைவிட்டு நட வேண்டும். காற்றின் திசையைக் காட்டுவதற்காக அவர் ஒரு பிடி மணலை அள்ளித் தூவினார். அது நேராக என் முகத்தில் விழுந்தது.

துணி கட்டும்போது அபாலே மட்டும் சற்றே விலகி, தாம் வெட்டிய பழைய அடிக்கட்டை ஒன்றின் அருகே நின்றிருந்தார். குனிந்து பார்த்தார். கட்டையின் ஓரத்தில் புதிதாக ஒரு துளிர் விட்டிருந்தது. தம் சட்டைப்பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து அதிலும் கட்டினார். நாங்கள் பார்க்காததுபோல் நடந்தோம்.

நான் ஊர் திரும்பிய பின், அந்தக் குளிர்காலம் முழுவதும் அச்செடிகள் என் நினைவில் வந்துகொண்டே இருந்தன. 2023ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஒருநாள், இஷாவுக்குப் பிறகு மாணவரின் அழைப்பு வந்தது. மூச்சு வாங்கப் பேசினார். ஆற்றுக்கு அப்பாலுள்ள ஆண் செடிகள் மலரத் தொடங்கியதும், பூத்த கிளைகளை வெட்டிக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்திருக்கிறார்கள். எண்ணெய் டின்களிலும் உடைந்த வாளிகளிலும் தண்ணீர் நிரப்பி, கிளைகளை அவற்றில் நிறுத்தி, காற்று வரும் பக்கமாக வயலோரத்தில் வரிசையாக வைத்தார்களாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை வாடிய கிளைகளை மாற்றினார்கள். நண்பகலில் காற்று எழும்போது அபாலே ஒரு நீளக் கழியால் கிளைகளைத் தட்டிக்கொண்டே வரிசை நெடுக நடந்தார். அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். “கல்யாண வீடுபோல இருக்கிறது ஹஸ்ரத், மாப்பிள்ளைகள் எல்லோரும் டின்னில் நிற்கிறார்கள்!” என்றார். 25 பக்கக் கன்றுகளையும் நட்டுவிட்டார்கள். அவற்றுக்காகப் பிடுங்கிய பெண் செடிகளை, வீணாக்காமல் வாய்க்கால் கரையில் ஊன்றினார்களாம்.

செப்டம்பரில் படங்கள் வந்தன. எல்லாச் செடியும் காய்த்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. டின்களை ஒட்டிய நான்கு வரிசைகளில் கிளையை மூடிக்கொண்டு ஆரஞ்சு நிறம்; ஐந்தாம் ஆறாம் வரிசைகளில் பாதி; அதற்கு அப்பால் பழையபடி வெறுமை. காற்று எவ்வளவு தூரம் மகரந்தத்தைச் சுமந்தது என்பதை அந்த வயலே கோடு கிழித்துக் காட்டியது. கிடைத்த கனி ஒரு தவணைக்குக் காணும், இரண்டாவதுக்குக் காணாது. கூடாரக்காரருக்கு, அடுத்த ஆண்டு வந்து கேளுங்கள் என்று அபாலே சொல்லி அனுப்பினார். நட்ட 25இல் 19 வேர்பிடித்து நின்றன. அந்த ஆண்டின் இறுதியில் லடாக்கின் சீ பக்தார்னுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பத்திரிகையில் கண்டு, நானே முதலில் தொலைபேசியில் அழைத்து வாழ்த்துச் சொன்னேன். “அப்படியா? எங்களுக்கு இங்கே பனி விழுந்து மின்சாரம் இல்லை” என்றார் மாணவர்.

அதன்பின் ஒரு மாதம் கழித்து, பஞ்சும் துணியும் சுற்றிய ஒரு புட்டி அஞ்சலில் வந்து சேர்ந்தது. அந்த நான்கு வரிசைகளின் சாறு. என் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கரண்டி குடித்துவிட்டு முகத்தைக் கோணினார்கள். அவர்களுடைய உம்மா அதில் சர்க்கரையைக் கரைத்து, பானையின் குளிர்ந்த தண்ணீர் சேர்த்துக் கொடுத்த பின்தான் புட்டி காலியாயிற்று. மூடியில் ஏதோ கட்டியிருப்பதைக் கழுவும்போதுதான் கவனித்தேன். ஆற்றங்கரையில் நாங்கள் செடிகளில் கட்டிய துணியின் ஒரு கிழிசல் அது.